கந்தோரின் பொதுக் களஞ்சியம்: கோளாறும் அதனை ஆராயும் முறையும்

ஒரு கந்தோரின் உயிர் அதன் ஏடுகளிலே தங்கியிருக்கின்றது. முன்னாளில் அவ்வேடுகள் அலுமாரிகளிலே அடுக்கப்பட்டிருந்தன. திறப்பு ஒருவர் பொறுப்பில் இருந்தது. ஏடு எடுத்தவர் பதிவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டார். இன்று அந்த அலுமாரியின் தொழிலைச் செய்வது வழங்கி எனப்படும் கணினியாகும். அதன் வட்டிலே ஒரு பகுதி எல்லாருக்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டு, வலையமைப்பின் வழியே ஒவ்வொருவருடைய மேசைக் கணினியிலும் தோன்றுமாறு செய்யப்படுகின்றது. அப்பகுதியை இக்கட்டுரையிலே பொதுக் களஞ்சியம் என்று குறிப்போம்.

பழைய மாணவருள் பலர் வங்கிகளிலும் திணைக்களங்களிலும் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் இத்தகைய களஞ்சியங்களை நாள்தோறும் கையாளுகின்றனர். சிலர் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும் உடையர். களஞ்சியம் ஒழுங்காக இயங்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. ஒரு நாட் காலையிலே "கோப்பைக் காணவில்லை" என்றோ "திறக்க அனுமதி இல்லை" என்றோ கணினி கூறிவிட்டால் கந்தோர் முழுவதும் கலங்குகின்றது. அப்போது இரண்டில் ஒன்று நிகழ்வதுண்டு. இறுதியாக அக்கோப்பைத் தொட்ட எழுதுவினைஞர்மீது பழி விழுகின்றது. அல்லது பராமரிப்பவர் அவசரத்தினாலே கதவுகள் யாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடுகின்றார். முதலாவது அநீதி, இரண்டாவது ஆபத்து.

இக்கோளாறுகளுட் பல, வட்டின் பழுதாலோ ஆளின் கவனக்குறைவாலோ விளைவன அல்ல. ஒருவகைக் கணினியின் வழக்கை மற்றொருவகைக் கணினியின் வழக்காக மாற்றும் இடத்திலே அவை பிறக்கின்றன. ஆதலின் அவற்றை வரிசையாக ஆராய்ந்தால் காரணம் வெளிப்படும். அவ்வரிசை யாதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை வழக்குகள்

ஒரு கந்தோரிலே கணக்காளர் விண்டோஸ் கணினியையும், பிரசுரங்களை வடிவமைப்பவர் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினியையும், தரவுகளை ஆராய்பவர் லினக்ஸ் கணினியையும் பயன்படுத்துகின்றனர் என்று கொள்வோம். வழங்கியும் லினக்ஸிலேயே இயங்குகின்றது. இத்தகைய கலப்பு அருமையான தொன்றன்று.

இம்மூன்று குலங்களும் தனித்தனியே வளர்ந்தவை. யுனிக்ஸ் குலத்துக் கணினிகளுக்காகச் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டிலே என்.எப்.எஸ். என்னும் கோப்புப் பகிர்வு நெறிமுறையை வகுத்தது. ஐ.பி.எம். நிறுவனத்திலே பாரி பைகன்பவும் என்பார் 1980களில் உருவாக்கிய எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை மைக்ரோசொப்ற் நிறுவனம் மேற்கொண்டு விரிவாக்கியது. அப்பிள் நிறுவனமோ ஏ.எப்.பி. என்னும் தனக்குரிய நெறிமுறையைக் கையாண்டது. ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்கு விளங்கவில்லை.

இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் நீக்கியவர் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்னும் அவுஸ்திரேலியர். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், 1991ஆம் ஆண்டின் இறுதியிலே, கணினிகளுக்கிடையே சென்ற செய்திப் பொதிகளை உற்றுநோக்கி அவற்றின் பொருளை உய்த்துணர்ந்து, யுனிக்ஸ் கணினி அம்மொழியிலேயே விடையளிக்குமாறு ஒரு செய்நிரலை எழுதத் தொடங்கினார். பின்னர் அதற்குப் பெயரிட வேண்டியபோது, எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துக்களும் அவ்வொழுங்கிலே வரும் சொற்களைச் சொற்பட்டியலிலே தேடினார். கிடைத்த சொற்களுள் ஒன்று சாம்பா. அப்பெயரே இன்றும் வழங்குகின்றது. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் தொடர்ந்து 2007ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் நெறிமுறை விளக்கங்களைச் சாம்பாக் குழுவினருக்கு வழங்க உடன்பட்டது. 2013ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனமும் தன் கணினிகளிற் கோப்புப் பகிர்வுக்கு எஸ்.எம்.பி. நெறியையே முதன்மையாகக் கொண்டது.

ஆகவே இன்று மூவகைக் கணினிகளும் ஒரே மொழியைப் பேசவல்லன. ஆயினும் பேசும் மொழி ஒன்றானமையால் எண்ணும் முறையும் ஒன்றாகிவிடவில்லை. கோப்பின் பெயர் எவ்வாறு எழுதப்படும், அதற்குரியவர் யார், பூட்டுதல் என்பதன் பொருள் யாது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை கூறுகின்றது. வழங்கி அவற்றினிடையே துபாஷியாக நிற்கின்றது. துபாஷிக்கு இருபுறத்து வழக்கும் செவ்வனே சொல்லிக் கொடுக்கப்படாதவிடத்துக் கோளாறு தோன்றும்.

முதலிற் கேட்க வேண்டியவை

கோளாறு என்று செய்தி வந்தவுடனே எதனையும் மாற்றுதல் கூடாது. முதலிலே மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இது எல்லாருக்கும் நேர்ந்ததா, ஒருவருக்கு மாத்திரமா? எல்லாக் கோப்புகளிலுமா, ஒரு கோப்புறையில் மாத்திரமா? எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன்னர் மாற்றப்பட்டது யாது? எல்லாருக்கும் நேர்ந்ததாயின் வழங்கியையோ வலையமைப்பையோ நோக்குக. ஒருவருக்கே நேர்ந்ததாயின் அவருடைய கணினியையும் கணக்கையும் நோக்குக. ஒரே கோப்பிலாயின் அதன் பெயர், அனுமதி, பூட்டு ஆகியவற்றை நோக்குக. தேடவேண்டிய பரப்பு இவ்வினாக்களாலேயே பெரிதுங் குறைந்துவிடும்.

அடுத்து, கணினி கூறிய சொற்களையும் எண்ணையும் அவ்வாறே எழுதிக் கொள்ளல் வேண்டும். விண்டோஸ் கணினி காட்டும் எண்கள் வெறும் அலங்காரமல்ல. 53 என்பது வழங்கிக்குச் செல்லும் வழியே கிடைக்கவில்லை என்பதாம். 67 என்பது கேட்ட பெயருடைய களஞ்சியம் அங்கே இல்லை என்பதாம். 1326 என்பது பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை என்பதாம். 5 என்பது ஆளை அறிந்தும் அனுமதி மறுக்கப்பட்டது என்பதாம். 32 என்பது வேறொருவர் அக்கோப்பைப் பிடித்திருக்கின்றார் என்பதாம். 112 என்பது இடம் நிரம்பிவிட்டது என்பதாம். "திறக்கவில்லை" என்று பொதுவாகக் கூறப்படும் ஒரே முறைப்பாடு இங்ஙனம் ஆறு வெவ்வேறு காரணங்களாகப் பிரிதலை நோக்குக.

வழியும் பேச்சு நெறியும்

வரிசையிலே முதலாவது வழி. வழங்கியின் எண் முகவரியைக் கொண்டு அழைத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணால் அழைக்கும்போது விடை வந்து, பெயரால் அழைக்கும்போது வாராதாயின், பெயரை முகவரியாக மாற்றும் பணியிலேயே தவறு உளது. இரண்டுக்கும் விடை வந்து களஞ்சியம் மாத்திரம் திறவாதாயின், எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் வாயிலைத் தீச்சுவர் அடைத்திருக்கின்றதா என்று பார்க்க. என்.எப்.எஸ். ஆயின் அவ்வாயில் 2049 ஆகும். அழைப்புக்கு விடை வருதல் ஒன்றினாலேயே வழி முற்றாகத் திறந்துளது என்று முடிவு செய்தல் தகாது.

இரண்டாவது பேச்சு நெறியின் பதிப்பு. எஸ்.எம்.பி. நெறிக்கு 1, 2, 3 என மூன்று பெரும் பதிப்புகள் உள. முதற் பதிப்பு மிகப் பழையது, பாதுகாப்புக் குறைந்தது. விண்டோஸிலே அப்பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. திருத்தத்தைச் சேர்த்துக் கொள்ளாத கணினிகள் மிகப் பல. அவ்வாண்டு மே மாதம் 12ஆந் திகதி வன்னாகிரை என்னும் தீநிரல் அவ்வோட்டையின் வழியே உலகெங்கும் பரவியது. கோப்புகளை மறையெழுத்தாக்கிப் பணயம் கேட்பது அதன் தொழில். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்குரிய வைத்தியசாலைகள் பல, நோயாளர் சந்திப்புகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய விண்டோஸ் பதிப்புகளில் எஸ்.எம்.பி. முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. சாம்பாவும் 2019ஆம் ஆண்டிலே அவ்வாறே செய்தது.

இதன் விளைவாக ஒரு கோளாறு இன்னும் அடிக்கடி தோன்றுகின்றது. தாளை வருடிக் களஞ்சியத்திலே நேரே சேமிக்கும் பழைய படிப்பொறி ஒன்று, வழங்கி புதுப்பிக்கப்பட்ட மறுநாளே சேமிக்க மறுக்கின்றது. பொறி பழுதாகவில்லை, அது முதற் பதிப்பை மாத்திரமே அறியும். "முதற் பதிப்பை மீண்டும் திறந்துவிடுக" என்னும் அறிவுரையைப் பலர் கூறுவர். ஒரு பொறியின் வசதிக்காகக் கந்தோர் முழுவதன் கதவையும் திறந்துவைத்தல் அறிவுடைமையாகாது. பொறியின் உள்நிரலைப் புதுப்பித்தல், படிமத்தை மின்னஞ்சலாக அனுப்பச் செய்தல், அன்றேல் பொறியை மாற்றுதல் ஆகியவற்றுள் ஒன்றே தக்கது.

ஆளடையாளம்

மூன்றாவது, வந்தவர் இன்னாரென வழங்கி அறிதல். கடவுச்சொல் மாற்றப்பட்ட பின்னர் கணினி தன் நினைவிலுள்ள பழைய சொல்லையே மீண்டும் மீண்டும் அனுப்புதல் பொதுவான காரணமாகும். விண்டோஸ் 1219 என்னும் எண்ணைக் காட்டுமாயின், அக்கணினி அதே வழங்கியோடு வேறொரு பயனர் பெயரால் முன்னரே தொடர்பு கொண்டுளது என்பது பொருள். பழைய தொடர்பைத் துண்டித்த பின்னரே புதிய பெயர் ஏற்கப்படும். ஒருவரைப் புதிதாகக் குழுவொன்றிலே சேர்த்த பின்னரும் அவருக்கு அனுமதி கிடையாதிருத்தல் உண்டு. குழு விபரம் தொடர்பு தொடங்கும்போதே பார்க்கப்படுதலின், அவர் வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும்.

மணிக்கூட்டையும் மறத்தலாகாது. கேர்பரோஸ் என்னும் அடையாள நெறி வழங்கும் கந்தோர்களிலே, மேசைக் கணினியின் நேரமும் வழங்கியின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், சரியான கடவுச்சொல்லும் செல்லாது. இது விண்டோஸ் வகுத்துள்ள இயல்பான எல்லையாகும். கணினியின் உட்கலம் தீர்ந்து நேரம் பின்தங்கியவிடத்து, "நேற்றுவரை சரியாக இருந்ததே" என்று பயனர் திகைப்பது இதனாலேயாம்.

கடவுச்சொல்லின்றி விருந்தினராக நுழையும் பழைய ஏற்பாடும் இப்போது அருகி வருகின்றது. 2024ஆம் ஆண்டிலே வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், தொழில்முறைக் கணினிகளுக்கு எஸ்.எம்.பி. கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டது. விருந்தினருக்குக் கையொப்பமிடும் வகையில்லை. ஆதலின் விருந்தினர் வழியாக இயங்கிய களஞ்சியங்கள் அக்கணினிகளுக்குத் திறவாதொழிந்தன. ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் வழங்குதலே இதற்குப் பரிகாரம்.

என்.எப்.எஸ். வழி வருவோர் நிலை வேறு. அதன் மூன்றாம் பதிப்பிலே வழக்கமான அமைப்பில் வழங்கி பார்ப்பது பெயரையன்று, எண்ணை. ஒரு கணினியிலே 1001 என்னும் எண்ணுடையவர் கணக்காளராகவும், மற்றொன்றிலே அவ்வெண்ணுடையவர் வடிவமைப்பாளராகவும் இருப்பின், வழங்கி இருவரையும் ஒருவரென்றே கொள்ளும். ஒருவர் எழுதிய கோப்பு மற்றவர் பெயரிலே தோன்றும். எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் அமையச் செய்தாலன்றி இது தீராது.

அனுமதி

நான்காவது அனுமதி. இங்கேதான் பழியும் அவசரமும் மிகுதி. களஞ்சியத்துக்கு இரு வாயில்கள் உண்டு. பகிர்வுக்கென வகுத்த அனுமதி வெளிவாயில். வட்டிலே கோப்புக்கென வகுத்த அனுமதி உள்வாயில். இரண்டையும் கடந்தவரே கோப்பைத் தொடமுடியும். ஆகவே ஒரு வாயிலை மாத்திரம் திறந்துவிட்டு, "அனுமதி கொடுத்தேனே" என்று வியத்தலிற் பயனில்லை.

லினக்ஸிலே கோப்பின் அனுமதி மூன்று இலக்கங்களாற் குறிக்கப்படும். முதலாவது உரியவருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது ஏனையோருக்கு. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கூட்டி இலக்கம் அமைக்கப்படும். சாம்பாவிலே வேறு ஏற்பாடு செய்யாதவிடத்துப் புதிய கோப்பு பெறத்தக்க உச்ச அனுமதி 744 ஆகும். அஃதாவது உரியவர் எழுதலாம். குழுவினர் வாசிக்க மாத்திரம் முடியும்.

இதனால் விளையும் ஒரு நிகழ்ச்சியை நோக்குக. கணக்காளரும் எழுதுவினைஞரும் ஒரு வேட் கோப்பைப் பல நாட்களாக மாறி மாறித் திருத்தி வருகின்றனர். வழங்கியைப் புதிதாக அமைத்த பின்னர் ஒரு நாள் எழுதுவினைஞர் திருத்திச் சேமிக்கின்றார். மறுநாள் கணக்காளருக்கு அது வாசிப்புக்கு மாத்திரம் திறக்கின்றது. எழுதுவினைஞர் பூட்டிவிட்டார் என்று குற்றம் சாட்டப்படுகின்றது. உண்மை யாதெனின், வேட் செய்நிரல் பழைய கோப்பின்மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பொன்றை உருவாக்கி எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டி, பழையதை அகற்றுகின்றது. ஆகவே சேமித்தவரே புதிய உரியவர் ஆகின்றார். அனுமதியும் புதிதாக 744 என அமைகின்றது. எழுதுவினைஞர் செய்தது "சேமி" என்பதை அழுத்தியது ஒன்றே. அவர்பால் யாதொரு குற்றமும் இல்லை.

இந்நிலையிலே பலர் கையாளும் மருந்து 777. எல்லாருக்கும் எல்லா உரிமையும் என்பதே அதன் பொருள். முறைப்பாடு உடனே நின்றுவிடும். ஆனால் அன்று முதல் சம்பளப் பட்டியலை எவரும் திருத்தலாம். எந்தக் கணினியிலே தீநிரல் புகுந்தாலும் களஞ்சியம் முழுவதையும் அது அழிக்கலாம். அழித்தவர் யாரென அறியவும் இயலாது. மேலும், அடுத்த நாள் உருவாகும் கோப்பு பழைய விதிப்படியே 744 என அமையுமாதலின், நோயும் தீர்ந்தபாடில்லை.

செய்யத்தக்கது மூன்று. அக்கோப்புறையைப் பயன்படுத்துவோரை ஒரு குழுவாக்குக. உள்ளே உருவாகும் கோப்பு அக்குழுவுக்கே உரியதாகுமாறு கோப்புறையிலே குழுமரபுக் குறியை அமைக்க. குழுவினரும் எழுதலாம் என்னும் விதியைச் சாம்பாவின் அமைப்புக் கோப்பிலே எழுதுக. இவை அரைமணி நேர வேலை. 777 என்று இடுதற்கு அரை நிமிடம் போதும். அதன் விலையைப் பின்னர் பிறர் கொடுக்க நேரும்.

பூட்டு

ஐந்தாவது பூட்டு. விண்டோஸிலே ஒரு கோப்பைப் பிறர் எழுதலாகாது எனத் திறந்தால், அத்தடை உறுதியானது. முறைமையே அதனைக் காக்கும். யுனிக்ஸ் குலத்திலோ பூட்டென்பது பெரும்பாலும் ஒரு வேண்டுகோள். அதனை மதித்துக் கேட்கும் செய்நிரலையே தடுக்கும். எஸ்.எம்.பி. வழியாகவும் என்.எப்.எஸ். வழியாகவும் ஒரே கோப்பை இருவர் திருத்தினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தல் கூடும். அன்றியும், எஸ்.எம்.பி. நெறியிலே கணினி தான் எழுதியதைச் சிறிது நேரம் தன்னிடமே வைத்திருந்து பின்னர் அனுப்புதற்கு இசைவு பெறலாம். அவ்வேளையிலே லினக்ஸ் கணினியில் வாசிப்பவர் பழைய உள்ளடக்கத்தையே காண்பார். ஆகவே ஒரு கோப்புறையை ஒரு நெறியின் வழியே மாத்திரம் பகிர்தல் நன்று.

கணினி திடீரென நின்றுவிட்டவிடத்து, "இன்னார் இதனைத் திறந்திருக்கின்றார்" என்னும் செய்தி அவர் வீட்டுக்குச் சென்ற பின்னரும் நிற்பதுண்டு. வேட் செய்நிரல் திறந்தவர் பெயரைச் சிறிய மறைகோப்பொன்றிலே எழுதிவைப்பதும், அது அழியாது எஞ்சுவதும் காரணமாகலாம். சாம்பாவின் நிலைகாட்டும் கட்டளை, எந்தக் கோப்பை யார் எந்தக் கணினியிலிருந்து திறந்திருக்கின்றார் என்று காட்டும். அதனைப் பார்த்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பின்னரே பூட்டை அகற்றுக. கேளாது தொடர்பை வெட்டினால், சேமிக்காத வேலை முழுவதும் மறைந்துபோகலாம்.

பெயரும் தமிழும்

ஆறாவது பெயர். லினக்ஸிலே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. விண்டோஸிலும், இயல்பான அமைப்பில் மக்கின்ரொஷிலும் அவை ஒன்றே. லினக்ஸ் பயனர் எழுத்தளவால் மாத்திரம் வேறுபடும் இரு கோப்புகளை ஒரே கோப்புறையில் வைத்தால், விண்டோஸ் பயனர் எதனைத் தொட்டாலும் ஒன்றே திறக்கக்கூடும். சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி, நட்சத்திரக்குறி முதலிய ஒன்பது குறிகளை விண்டோஸ் கோப்புப் பெயரிலே ஏற்பதில்லை. மக்கின்ரொஷிலே திகதியைச் சாய்கோடிட்டுப் பெயரில் எழுதலாம். அக்கோப்பு கணக்காளருக்கு விளங்காத குறியுடனோ வேறு பெயருடனோ தோன்றும். இன்னும், மக்கின்ரொஷ் தன் குறிப்புகளைப் புள்ளியும் அடிக்கோடும் முன்னிட்ட சிறு கோப்புகளாக விட்டுச் செல்வதுண்டு. அவற்றைக் குப்பையென எண்ணி அழித்தலாகாது. சாம்பாவிலே "புரூட்" என்னும் துணையுறுப்பை முறையாக அமைத்தால் இவ்விரு தொல்லைகளும் பெரிதுங் குறையும்.

தமிழிலே பெயரிடுவோர் அறிய வேண்டியவை வேறு இரண்டு உள. முதலாவது நீளம். லினக்ஸ் வட்டுகளில் வழக்கமான எல்லை ஒரு பெயருக்கு 255 பைற்று. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று போதும், யூ.ரி.எப்.8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைற்று வேண்டும். "கோப்பு" என்னும் சொல், ககரம், ஓகாரக்குறி, பகரம், புள்ளி, பகரம், உகரக்குறி என ஆறு குறிகளால் ஆனது. எனவே 18 பைற்று. இவ்வாறு 85 குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயரை லினக்ஸ் ஏற்காது. விண்டோஸ் வட்டிலோ 255 குறிகள்வரை செல்லும். ஆதலின் மேசைக் கணினியிலே நன்றாகத் திறந்த "வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கை" முதலிய நீண்ட பெயருடைய கோப்பு, மேலும் சில சொற்கள் சேர்ந்தவுடன் களஞ்சியத்திற் சேர மறுக்கலாம்.

இரண்டாவது, கண்ணுக்குத் தோன்றாத வேற்றுமை. ஒருங்குறியிலே "கோ" என்பதன் ஓகாரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னிற்கும் இரட்டைக் கொம்பும் பின்னிற்கும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். ஒகர ஔகாரக் குறிகளுக்கும் இவ்வாறே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 1998ஆம் ஆண்டு வந்த அப்பிளின் எச்.எப்.எஸ்.பிளஸ் என்னும் வட்டமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் சேர்த்த வடிவே வழக்கம். ஆகவே அத்தகைய பழைய வட்டிலிருந்து பெயர்த்த "கொழும்பு" என்னும் கோப்பும், கணக்காளர் தட்டெழுதிய "கொழும்பு" என்னும் கோப்பும் லினக்ஸுக்கு இரு வேறு பெயர்கள். ஒரே கோப்புறையிலே ஒரே பெயருடைய இரு கோப்புகள் நிற்கும். தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. "கோப்பு தொலைந்துவிட்டது" என்று கருதப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. பெயர்களையெல்லாம் சேர்த்த வடிவுக்கு மாற்றுதற்குக் கருவிகள் உள. மாற்றுமுன் பிரதியெடுத்துக் கொள்க.

இடமும் காப்பும்

இறுதியாக இடம். வட்டு நிரம்பினால் சேமிப்பு நின்றுவிடும். வட்டிலே இடம் இருப்பினும் ஒருவருக்கென வகுத்த பங்கு முடிந்திருக்கலாம். அல்லது சிறு கோப்புகள் பெருகி, கோப்புகளைப் பதியும் அட்டவணை நிரம்பியிருக்கலாம். பெரிய கோப்புகளை அழித்த பின்னரும் இடம் கூடவில்லையாயின், முன்னைய நிலைகளைப் பேணும் கணப்பிரதிகள் அவ்விடத்தை இன்னும் பற்றியிருத்தல் உண்டு.

இவ்வேழு படிகளிலும் ஒழுக வேண்டிய நெறி ஒன்றே. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக, பயனில்லையாயின் பழைய நிலைக்கு மீட்டபின் அடுத்ததை முயல்க. மூன்றை ஒருங்கே மாற்றி நோய் தீர்ந்தால், தீர்த்தது எதுவென அறியோம். மற்ற இரண்டும் புதிய நோய்களாக நிற்கும். பகிர்வு வேறு, காப்பு வேறு என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். களஞ்சியத்திலே வைத்தமையால் ஒரு கோப்பு காக்கப்பட்டதாகாது. ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும். வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதியொன்றும், அப்பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்த அனுபவமும் உள்ள கந்தோரே அச்சமின்றி உறங்கலாம்.

இன்று வகுப்பிலே கணினி பயிலும் மாணவர் நாளை இத்தகைய களஞ்சியங்களின் திறப்பைக் கையேற்பர். கட்டளைகள் காலந்தோறும் மாறும். நெறிமுறைகளின் பதிப்புகளும் மாறும். வழி, பேச்சு நெறி, ஆளடையாளம், அனுமதி, பூட்டு, பெயர், இடம் என்னும் வரிசையோ நெடுநாள் நிலைக்கும். அவ்வரிசையைக் கடைசிவரை நடந்து பார்க்காமல் ஓர் எழுதுவினைஞரின் நேர்மையை ஐயுறுதல் தகாது. அவ்வரிசையிலே ஒரு படியைத் தாண்டுவதற்காக எல்லார்க்கும் எல்லாக் கதவையும் திறந்துவிடுதலும் தகாது. களஞ்சியத்தைக் காப்பவன் கையில் இருப்பவை கோப்புகள் மாத்திரமல்ல. அவற்றை எழுதியவர்களின் உழைப்பும் நற்பெயருமாம்.